பின்வரிசைப் பெட்டியில் கூழாங்கல்

ஜாடி மூடிகள் கடையிலிருந்து காணாமல் போன அன்றே மெர்லீன் சோரன்சனுக்குத் தெரிந்துவிட்டது, அடுத்தது தோட்டாதான் என்று.

எப்போதும் அந்த வரிசையில்தான் நடக்கும். முதலில் பழம் பதப்படுத்தும் கண்ணாடி ஜாடிகளின் மூடி. அப்புறம் ரொட்டிக்குப் போடும் ஈஸ்ட். அப்புறம் தோட்டா. டி.வி.யில் யாரோ எதையோ சொல்லிவைப்பார்கள், ஆல்டர் கிரீக் ஊர் மொத்தமும் கடையை நோக்கி ஓடும். மெர்லீன் ஓடியதில்லை. ஊர் ஓடுவதற்கு முன்பே சாவகாசமாகப் போய், வாங்கி, நிலவறையில் அடுக்கி, மூடியில் தேதி எழுதி, மேலே வந்து காலை நீட்டி உட்கார்ந்துவிடுவாள்.

"பயம் வந்தப்புறம் வாங்கினா அது பதுக்கல். பயம் வர்றதுக்கு முன்னாடி வாங்கினா அது குடித்தனம்" என்று சபையில் பெண்கள் கூட்டத்தில் அவள் சொன்னதை இன்றைக்கும் ஐடஹோவின் அந்தப் பள்ளத்தாக்கில் சொல்லிச் சிரிப்பார்கள். சிரித்துவிட்டு அவள் வீட்டுக்குத்தான் வருவார்கள்.

ஆனால் இந்த வருஷம் சோரன்சன் குடும்பத்துக்கு அடி மேல் அடி. கோடை வறட்சியில் மாடுகளையெல்லாம் விற்றுத் தள்ளிவிட வேண்டியதாயிற்று. செப்டம்பரில் உருளைக்கிழங்கு அறுவடை இயந்திரத்தின் பெல்ட் இழுத்ததில் கணவர் தெய்னின் வலது தோள் கழன்று, கை இன்னும் கழுத்தில் கட்டிய துணியில் தொங்குகிறது. ஒரே மகன் கிம்பல் மனைவி ஷேலினை இங்கே விட்டுவிட்டு, வடக்கு டகோடாவில் எண்ணெய்க் கிணற்று வேலைக்குப் போய்விட்டான். போய் இரண்டு மாதம் ஆகிறது.

நாளை விடிந்தால் எல்க் வேட்டைக் காலம் ஆரம்பம். மாடு இல்லாத வருஷத்தில் குளிர்காலம் முழுக்க இந்த வீட்டு ஃப்ரீசரில் என்ன இருக்கப் போகிறது என்பதை அந்த மலை மான்தான் முடிவு செய்யும். சுடப்போவது தெய்ன் அல்ல, கிம்பலும் அல்ல. மெர்லீன்.

வேட்டை அனுமதிச் சீட்டு அவள் பெயரில் இருக்கிறது. ரைஃபிளுக்கு எண்ணெய் போட்டாயிற்று. அறுபது வயதில் அவளுக்குக் கண்ணாடி வேண்டியிருப்பது பைபிளுக்குத்தான், மானுக்கு அல்ல.

காலை ஒன்பது மணி வாக்கில் வோண்டா வந்தாள். பக்கத்துப் பண்ணை. கையில் மூடிய பாத்திரம், உள்ளே பாலாடைக்கட்டி போட்டு வேகவைத்த, சாவு வீட்டுக்குக் கொண்டுபோகும் உருளைக்கிழங்கு. அந்த ஊரில் பாத்திரத்தோடு வந்தால் ஏதோ கேட்க வந்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

"என்ன வோண்டா, யாராவது செத்துட்டாங்களா?"

"இன்னும் இல்ல. ஆனா எங்க வீட்டுக்காரர் ரைஃபிளைத் துடைச்சு வெச்சுக்கிட்டு, தோட்டா இல்லாம என்னையே மொறைச்சுக்கிட்டு இருக்கார். எனக்கே கொஞ்சம் பயமா இருக்கு."

"கடைக்குப் போகலியா?"

"நாலு ஊர் கடைக்கும் போயாச்சு. அலமாரி துடைச்ச மாதிரி இருக்கு. ஒரு ஆளுக்கு ஒரு பெட்டிதான்னு எழுதி ஒட்டினாங்களாம். உடனே நம்ம ஊரு நைல் தன்னோட எட்டுப் பிள்ளைங்களையும் கூட்டிக்கிட்டு வந்து வரிசையில நிறுத்திட்டான். கடைசிப் பொண்ணு வாயில இன்னும் சப்பற ரப்பர் இருக்கு."

"கொடுத்தாங்களா?"

"பதினெட்டு வயசுக்குக் கீழே கிடையாதுன்னுட்டாங்க. அதுக்கு நைல், 'இவ பாக்கத்தான் சின்னப் பொண்ணு'ன்னு சண்டை போட்டிருக்கான்."

இருவரும் சிரித்தார்கள். பிறகு வோண்டா பாத்திரத்தின் ஓரத்தை விரலால் தடவினாள். "ஒரே ஒரு பெட்டி போதும் மெர்லீன். உன் ரைஃபிளும் அவரோடதும் ஒரே ரகம்தானே."

"இரு, வரேன்" என்று மெர்லீன் படியிறங்கினாள்.

நிலவறை அவளுடைய ராஜ்ஜியம். கோதுமை, பீன்ஸ், தேன், உப்பு, பீச் பழ ஜாடிகள். பழையது முன்னால், புதியது பின்னால். எடுப்பது முன்னாலிருந்து, வைப்பது பின்னாலிருந்து. அந்தச் சட்டத்தை முப்பத்தைந்து வருஷமாக யாரும் மீறியதில்லை. மூலையில் பச்சைத் தகரத் தோட்டாப் பெட்டிகளுக்கும் அதே சட்டம்தான். முன்வரிசையில் மிச்சமிருந்த பழைய தோட்டாக்களை இந்த மாதத் தொடக்கத்தில் குறி சரிபார்க்கும்போது சுட்டுத் தீர்த்துவிட்டாள். பின்வரிசையில் கோடையில் வாங்கிய புதுசு இரண்டு பெட்டி நிறைய இருக்கும்போது பழசை எதற்கு வைத்துக்கொள்ள வேண்டும்?

பின்வரிசைப் பெட்டியை இழுத்தாள். கனம் சரியாக இருந்தது. மூடியின் ஒட்டுநாடாவைக் கிழித்துத் திறந்தாள்.

உருளைக்கிழங்குச் சாக்குத் துணி. அதைப் பிரித்தால் கூழாங்கல்.

இரண்டாவது பெட்டியையும் திறந்தாள். அதிலும் கூழாங்கல். ஒன்றோடொன்று உரசிச் சத்தம் போடாதபடி, துணியில் பொட்டலம் பொட்டலமாகக் கட்டி அடுக்கியிருந்தது.

மெர்லீன் கத்தவில்லை. மூடியை மூடினாள். மேலே போனாள்.

"சாயந்திரமா வா வோண்டா. எடுத்து வெக்கிறேன்."

"இப்ப இல்லியா?"

"கீழ அடுக்கை மாத்தணும். பாத்திரத்தையும் அப்பவே வாங்கிக்க."

வோண்டா சந்தோஷமாகப் போனாள். மெர்லீன் சொன்னால் சொன்னதுதான் என்று அந்தப் பள்ளத்தாக்கில் குழந்தைக்கும் தெரியும். அதுதான் இப்போது கழுத்தைப் பிடித்தது.

சமையலறை வாசலில் ஷேலின் நின்றுகொண்டிருந்தாள். சியாட்டில்காரி. இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து நிலவறையைப் பார்த்துக் கேலி செய்துகொண்டிருப்பவள்.

"என்ன அத்தை, உலகம் அழியப் போவுதுன்னு தகவல் வந்துடுச்சா? முகம் அப்படி இருக்கு."

"கீழ வா."

ஷேலின் பெட்டிகளைப் பார்த்தாள். ஒரு கல்லை எடுத்து உருட்டினாள். சிரிப்பு வந்ததை அடக்கிக்கொண்டாள்.

"நான் எடுக்கலை அத்தை. எனக்குத் துப்பாக்கியைத் தொட்டாலே கை வேர்க்கும்."

"உன்னை யார் கேட்டா?"

"கேக்கறதுக்கு முன்னாடி சொல்லிட்டேன். உங்ககிட்ட கத்துக்கிட்டதுதான். பயம் வர்றதுக்கு முன்னாடி."

மெர்லீனுக்கு உதடு கொஞ்சம் வளைந்தது. "எடுத்தவனுக்கு என் சட்டம் தெரிஞ்சிருக்கு. முன்வரிசையில கை வெச்சிருந்தா அன்னிக்கே பிடிச்சிருப்பேன். பின்வரிசைக்கு நான் வர ஒரு வருஷம் ஆகும்னு கணக்குப் போட்டிருக்கான். வெளியாள் இல்ல."

ஷேலின் கிழிந்த நாடாவைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். "அத்தை, நீங்க நாடாவைக் கத்தரிக்கோலால வெட்டுவீங்கதானே?"

"ஆமா."

"இது கடிச்சு அறுத்தது. பல்லு பதிஞ்சிருக்கு பாருங்க. ரெண்டு கையும் வேலை செய்யற ஆளு எதுக்கு நாடாவைக் கடிக்கணும்?"

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"ஒத்தைக் கையால இந்தப் பெட்டியைத் தூக்க முடியாதே" என்றாள் ஷேலின்.

"தூக்கலை. சட்டைப்பையில போட்டுக்கிட்டுப் போயிருக்கார். கல்லையும் அப்படியே கொண்டாந்திருக்கார். போன மாசக் கடைசியில ஒரு வாரம் என்னமோ நடை போறேன்னு சொல்லிக்கிட்டு இருந்தாரே, டாக்டர் நடக்கச் சொன்னார்னு."

தெய்ன் டிராக்டர் கொட்டகையில் இருந்தார். இடது கையால் எதையோ முடுக்க முயன்றுகொண்டிருந்தார். மெர்லீன் ஒரு கூழாங்கல்லை அவர் முன்னால் பலகையில் வைத்தாள்.

அவர் அதையே பார்த்தார். பிறகு ஸ்பேனரைக் கீழே வைத்தார்.

"கண்டுபிடிச்சுட்டியா."

"யாருக்குக் கொடுத்த?"

"டெவானுக்கு."

அந்தப் பெயர் அந்த வீட்டில் ஒன்பது வருஷமாகப் புழங்கவில்லை. தெய்னின் தம்பி. அப்பா இறந்ததும் தன் பங்கு நிலத்தை வெளியூர்க்காரன் விடுமுறை வீடு கட்ட விற்றவன். அன்றைக்கு மெர்லீன்தான் சொன்னாள், என் வாசப்படி மிதிக்காதே என்று. அவனும் மிதிக்கவில்லை. மலைக் கணவாயில் ஒரு மரவீட்டில் தனியாக இருக்கிறான்.

"அவன் வந்து கேட்டானா?"

"ஆள் சொல்லி அனுப்பினான். ஆகஸ்ட்ல மலையில தீ வந்துச்சே, அதுல அவன் கொட்டகை போயிடுச்சு மெர்லீன். கோதுமை, தோட்டா, ஜாடி, எல்லாம். வீடு மட்டும் மிஞ்சிச்சு."

அந்தத் தீயின்போது பள்ளத்தாக்கில் பத்து வீட்டுக்குச் சாப்பாடு அனுப்பியவள் மெர்லீன். பதினோராவது வீட்டை அவள் விசாரிக்கவில்லை.

"என்கிட்ட சொல்லியிருக்கலாம்."

"சொன்னா கொடுத்திருப்பியா?"

அவள் பலகையிலிருந்த கல்லை விரலால் நகர்த்தினாள்.

"கல்லு எதுக்கு?"

"வெயிட் குறைஞ்சா தூக்கின உடனே தெரிஞ்சிக்குவ. பொறுமையாக் கடைக்குப் போயி புதுசு வாங்கி வெச்சிடலாம்னு பாத்தேன். உன் சட்டப்படி நீ பின்வரிசைக்கு வர அடுத்த வருஷம் ஆகும். முன்வரிசை இந்த மாசமே தீர்ந்துடும்னு நெனைக்கல." அவர் தலையைச் சொறிந்தார். "கடை இப்படிக் காலியாகும்னு யாருக்குத் தெரியும்?"

"எனக்குத் தெரியும். மூடி காணாமப் போனப்பவே சொன்னேன்."

"சொன்ன."

"நீ தலையாட்டின."

"எல்லாத்துக்கும் ஆட்டறதுதானே."

மெர்லீன் கல்லை எடுத்துத் தன் பையில் போட்டுக்கொண்டாள். நிலவறைக்குப் போனாள். அடுத்த அரை மணி நேரத்தில் ஷேலினும் அவளும் சேர்ந்து பிக்கப் வண்டியில் இரண்டு வாளி கோதுமை, ஒரு வாளி பீன்ஸ், தேன், உப்பு, பீச் ஜாடிகள் என்று ஏற்றினார்கள். முன்வரிசையிலிருந்துதான். சட்டம் சட்டம்தான்.

"அத்தை, திருடினவருக்குச் சீர் கொண்டு போறீங்களா?"

"திருடினது உன் மாமனார். இது வேற கணக்கு."

மெர்லீன் தனியாகத்தான் போனாள். மலைப்பாதையில் ஏறும்போது இரண்டு பக்கமும் பைன் மரங்கள் கரிக்குச்சிகளாக நின்றன. டெவானின் மரவீட்டின் பின்னால் கொட்டகை இருந்த இடத்தில் ஒரு கறுப்புச் சதுரம் மட்டும் இருந்தது.

அவன் விறகு பிளந்துகொண்டிருந்தான். வண்டியைப் பார்த்ததும் கோடரியை அப்படியே கட்டையில் விட்டுவிட்டு நின்றான். மெலிந்திருந்தான். சிரிப்பு மட்டும் அதேதான், ஒரு பக்கமாக.

"அண்ணி. வழி தெரிஞ்சு வந்தீங்களா, வழி தவறி வந்தீங்களா?"

"என் தோட்டா வழி காட்டிச்சு."

டெவானின் சிரிப்பு நின்றது. உள்ளே போனான். இரண்டு மரப்பெட்டிகளைச் சுமந்துகொண்டு வந்து அவள் காலடியில் வைத்தான்.

"ஒண்ணு கூடச் சுடலை. அண்ணன் உங்களுக்குத் தெரியும்னு சொன்னான். தெரியாதுன்னு தெரிஞ்சிருந்தா வாங்கியிருக்க மாட்டேன். எடுத்துக்கிட்டுப் போங்க."

"நாளைக்கு நீ எதை வெச்சுச் சுடுவ?"

"சுடலை. மீன் பிடிப்பேன்."

"ஆறு உறையப் போவுது."

"அப்ப ஐஸைப் பிடிப்பேன்."

திறந்திருந்த கதவு வழியே மெர்லீன் உள்ளே பார்த்தாள். சுவர் முழுக்க அலமாரி. புதிதாக மரம் அறுத்து அடித்த அலமாரி. அதில் ஒரு டப்பா உப்பு, இரண்டு டின் சூப்பு. பிறகு வெறும் பலகை.

அந்த ஊரில் பிறந்து வளர்ந்தவன் அக்டோபரில் இப்படி ஒரு அலமாரியோடு இருந்தால், பசியைவிட வெட்கம்தான் அவனை முதலில் தின்னும். மெர்லீனுக்கு அது புரிந்தது. சபையின் உதவிக் கிடங்குக்கு அவன் போயிருக்க மாட்டான். பிஷப்பிடம் வாய் திறந்திருக்க மாட்டான்.

"எப்படிப் போச்சு கொட்டகை?"

"தோட்டா இருந்த மூலைதான் முதல்ல. ஜூலை நாலாம் தேதி சுதந்திர தின வாணவேடிக்கை மாதிரி இருந்துச்சு. நானும் நாயும் ஆத்துக்குள்ள கழுத்தளவு தண்ணியில உக்காந்து வேடிக்கை பாத்தோம்."

மெர்லீன் வண்டியின் பின்கதவை இறக்கினாள். "இதை இறக்கு."

டெவான் வாளிகளைப் பார்த்தான். "எனக்கு வேணாம் அண்ணி."

"உனக்காக யார் கொண்டாந்தா? என் வீட்டுல இடம் இல்ல. பழசைத் தள்ளினாத்தான் புதுசு வைக்க முடியும். நீ எடுத்துக்கலைன்னா நைல் வீட்டுக்குப் போவுது. அவன் பிள்ளைங்க பீச் ஜாடியைத் தரையில உருட்டி விளையாடும்."

அவன் நின்றான். அவளும் நின்றாள். ஒன்பது வருஷம் நடுவில் நின்றது.

"நீங்க மாறவே இல்லை" என்றான்.

"மாறணும்னு எனக்கு யாரும் சொல்லலை. இறக்கு."

அவன் இறக்கினான். அவள் தோட்டாக்களைப் பிரித்தாள். ஒரு பெட்டியை அவன் பக்கம் தள்ளினாள், ஒன்றைத் தன் பக்கம் இழுத்தாள்.

"பாதி உனக்கு. என் பாதியில வோண்டாவுக்கும் போகணும். வேட்டைச் சீட்டு வெச்சிருக்கியா?"

"இருக்கு."

"ரைஃபிள்?"

"அது எரியலை. என் கட்டில்லதான் தூங்கும்."

"நாளைக்கு விடியறதுக்குள்ள கீழ ஆத்துப் பாலத்துல நில்லு. ரெண்டு சீட்டு, ரெண்டு மான். தெய்னால சுட முடியாது. நான் சுட்டதைக் கீழ இறக்க எனக்கு ஆள் வேணும். உனக்கும்தான்."

டெவான் தொப்பியைக் கழற்றித் திரும்ப மாட்டிக்கொண்டான். "வரேன்" என்றான்.

மெர்லீன் வண்டியைக் கிளப்பினாள். மனசுக்குள் கணக்கு நேராகிவிட்டது. வோண்டாவுக்குக் கொடுக்கலாம், நாளைக்குச் சுடலாம், ஃப்ரீசர் நிறையும். நாளைக்கு மாலைக்குள் எல்லாம் அதனதன் இடத்தில்.

டெவான் ஜன்னல் பக்கம் குனிந்தான்.

"அண்ணி, கிம்பல்கிட்ட சொல்லுங்க. கூடாரம் அடிச்சிருக்கிற இடத்துல ராத்திரி தண்ணி உறைஞ்சிடும். கொஞ்சம் கீழ இறங்கச் சொல்லுங்க."

"எந்தக் கிம்பல்?"

"நமக்கு எத்தனை கிம்பல் இருக்கான்?"

அவள் கை கியரில் அப்படியே இருந்தது.

"போன வாரம் வந்தானே" என்றான் டெவான். "மேல ஊற்றுக்குப் போற வழி கேட்டான். ரொம்ப நேரம் பேசலை. வேட்டைக்கு முன்னாடியே இடம் பிடிக்க நீங்கதான் அனுப்பினீங்கன்னு நெனச்சேன்."

"சொல்றேன்" என்றாள் மெர்லீன்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அவள் வேகத்தைக் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை.

வெயில் சாயும்போது வோண்டா வந்தாள். தோட்டாப் பெட்டி அவள் கைக்குப் போனது, பாத்திரம் கழுவித் துடைத்துத் திரும்பப் போனது. "உன்னை மாதிரி உண்டா" என்று வோண்டா கன்னத்தில் முத்தமிட்டுவிட்டுப் போனாள்.

ஷேலின் மேசையில் தட்டுகளை வைத்துக்கொண்டிருந்தாள். தெய்ன் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தார், மன்னிப்பு கிடைத்ததா இல்லையா என்று தெரியாத முகத்தோடு.

"அத்தை, மத்தியானம் கிம்பல் பேசினார். டகோடால ஒரே பனியாம். லீவு கிடைக்கலையாம். உங்களுக்கு நல்லா வேட்டை அமையட்டும்னார்."

மெர்லீன் கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டினாள். கை கழுவினாள். வந்து தன் இடத்தில் உட்கார்ந்தாள்.

இதை நாளைக்குச் சொல்லலாம். வேட்டை முடிந்த பிறகு சொல்லலாம். பெட்டிக்குள் கல்லை வைத்து, நாடாவைச் சுற்றி, பின்வரிசைக்குத் தள்ளிவிடலாம். இந்த வீட்டில் ஒருவர் அதைச் செய்து பார்த்தாயிற்று.

"ஷேலின், உக்காரு."

"ரொட்டி எடுத்துட்டு வரேன்."

"அப்புறம் எடுக்கலாம். கிம்பல் டகோடால இல்ல. நம்ம மலையில இருக்கான். மேல ஊற்றுக்கிட்ட கூடாரம் போட்டிருக்கான். போன வாரம் டெவான் நேர்ல பாத்துப் பேசியிருக்கான்."

ஷேலின் கையிலிருந்த தட்டை மெதுவாகக் கீழே வைத்தாள். கேலி எதுவும் வரவில்லை. "எத்தனை நாளா?"

"தெரியலை. நாளைக்கு அவனையே கேப்போம். உனக்கு என் பழைய பூட்ஸ் சரியா இருக்கும். ரெண்டு சாக்ஸ் போட்டுக்க."

"எனக்குத் துப்பாக்கி பிடிக்கத் தெரியாது அத்தை."

"துப்பாக்கியை நான் பிடிச்சுக்கறேன். நீ வா."

ஷேலின் தலையசைத்தாள். பிறகு இரண்டு பெண்களும் ஒரே நேரத்தில் மேசையின் மறுமுனையைப் பார்த்தார்கள்.

மகன் பொய் சொன்னான் என்று கேள்விப்பட்ட அப்பா ஏதாவது கேட்டிருக்க வேண்டும். யார் சொன்னது, எப்போது, ஏன் என்று. தெய்ன் எதுவும் கேட்கவில்லை. இடது கையால் கரண்டியைத் தட்டின் ஓரத்தில் நேராக வைத்தார். திரும்ப எடுத்து இன்னும் கொஞ்சம் நேராக வைத்தார்.

"உனக்கு முன்னாடியே தெரியும், தெய்ன்" என்றாள் மெர்லீன்.

அவர் நிமிரவில்லை.